பண்டிகைச் சபையும் பிரசங்கியாரும்

மார்கழி பத்தாந்தேதி நெருங்கும்போது கடலூர் முதுநகரில் வழக்கமில்லாத முகங்கள் தென்படத் தொடங்கும். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ரயிலிலும் பஸ்ஸிலும் வந்து இறங்குவோர். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உத்தியோகம் பார்த்துவிட்டு வருஷத்துக்கு ஒருமுறை பெற்றோர் வீட்டு வாசற்படி மிதிப்போர். உள்ளூரிலேயே குடியிருந்தும் மற்ற நாட்களில் ஆலயத்தின் பக்கம் தலைகாட்டாதோர் - இவர்கள் யாவரும் டிசம்பர் 25-ந் தேதி இருள் பிரியுமுன் புத்தாடை உடுத்து ஆலயத்தில் கூடுகின்றனர். பெஞ்சுகள் போதாமல் வெளியே பந்தலில் நாற்காலி போட வேண்டியிருக்கிறது. சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் முன்வரிசையில் அமர்ந்து பழகிய முதிய அம்மையார் அன்று இடந்தேடி நிற்கிறார். இக்கூட்டத்தின் முன்னே பிரசங்க பீடத்தில் ஏறி நிற்கும் ஆயரின் உள்ளம் என்ன பாடுபடும் என்பதைச் சிறிது ஆராய்வது, கிறிஸ்தவர்களுக்கு மட்டுமன்றிக் கோயிலும் மசூதியும் உள்ள எவ்வூராருக்கும் பயனுடையதேயாகும்.

கூட்டத்தைக் கண்டதும் அவருக்கு உண்டாகும் முதல் உணர்ச்சி மகிழ்ச்சிதான். அதில் சந்தேகமில்லை. ஆனால் அம்மகிழ்ச்சியின் காலைப் பற்றிக்கொண்டே ஒரு மனக்கசப்பும் வருகிறது. "இத்தனை பேரும் இதே ஊரார்தாமே, போன ஞாயிறு எங்கிருந்தார்கள்? வரப்போகிற ஞாயிறு எங்கிருப்பார்கள்?" என்ற எண்ணம் எழுகிறது. வருஷத்தில் 52 ஞாயிறு. அவற்றில் ஏறத்தாழ ஐம்பதில் பாதி வெறுமையான பெஞ்சுகளைப் பார்த்துப் பேசிய ஒருவருக்கு, நிரம்பி வழியும் அந்த ஒரு நாளில் அடக்கி வைத்த மனத்தாங்கல் நாவில் வந்து விழுவது இயற்கை. பிரசங்கம் பெத்லகேமில் தொடங்குகிறது; மேய்ப்பரும் தூதரும் வந்து போகின்றனர்; கால்மணி நேரத்துக்குள் சொற்போக்கு திரும்பி, "பண்டிகைக்குப் பண்டிகை வருகிறவர்களே!" என்று ஆகிவிடுகிறது. முன்வரிசையார் தலையசைக்கின்றனர். பின்வரிசையார் தரையைப் பார்க்கின்றனர்.

இந்தக் கண்டனப் பிரசங்கத்தைத் தமிழ்நாட்டுத் திருச்சபைகளில் கேளாதவர் அநேகமாக இரார். அது நியாயமான துயரத்திலிருந்து பிறப்பது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அது செய்யும் காரியம் என்ன? வராதவர்களைக் கண்டிக்க எண்ணி, வந்தவர்களைக் கண்டிக்கிறது. வருஷம் முழுவதும் வராதவன் அந்த ஒரு நாள் வந்தான். வந்த நாளில் அவன் கேட்டது தான் வராத கதை. மறு வருஷம் அவன் அந்த ஒரு நாளும் வருவதற்கு யோசிப்பான். கிறிஸ்மஸ், பெரிய வெள்ளி, ஆண்டிறுதி இரவு என்று வருஷத்துக்கு மூன்றே முறை ஆலயம் புகுகிற ஒருவன் பத்து வருஷத்தில் கேட்பது முப்பது பிரசங்கம். அம்முப்பதில் பாதி வசவாகப் போனால், அவன் தன் மதத்தைப் பற்றி அறிந்துகொள்ள மிச்சமிருப்பது எவ்வளவு என்று நேயர்களே கணக்கிடலாம்.

இத்துயரம் முதுநகருக்கோ நம் காலத்துக்கோ உரியது என்று எவரும் நினைக்க வேண்டாம். 4-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்தியோகியா நகரத்தில் பிரசங்கித்தவரும், நாவன்மையினால் 'பொன்வாயர்' என்று பெயர் பெற்றவருமான யோவான் கிறிசோஸ்தோம், பண்டிகைக்குத் திரண்ட ஜனங்களைக் கண்டு மகிழ்வதை விட்டு, மற்ற நாட்களில் அவர்கள் வராததைச் சொல்லி வருந்தினார். குதிரைப் பந்தயமும் நாடகக் கொட்டகையும் தம் சபையைக் கொள்ளைகொள்கின்றன என்பது அவருடைய ஓயாத முறையீடு. அவருக்கே அக்கூட்டம் அடங்கவில்லை என்றால், நமது ஆயர்கள் தங்களைத் தாங்களே அதிகமாக நொந்துகொள்ள வேண்டுவதில்லை.

இன்னொரு விஷயம் சரித்திரத்தில் இருக்கிறது. அது பலருக்கு நினைவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வருவதைச் சட்டமாக விதித்ததே திருச்சபைதான். 1215-ல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், ஒவ்வொரு விசுவாசியும் வருஷத்துக்கு ஒருமுறையேனும் பாவ அறிக்கை செய்து, உயிர்த்தெழுந்த பண்டிகையின்போது நன்மை வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டது. 1662-ல் வெளியான இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெப புஸ்தகம், சபையார் வருஷத்துக்கு மூன்று முறையாவது திருவிருந்தில் பங்குபெற வேண்டும், அம்மூன்றில் ஒன்று உயிர்த்தெழுந்த பண்டிகையாக இருக்க வேண்டும் என்று விதித்தது. இவை குறைந்தபட்ச விதிகள். ஞாயிறுதோறும் ஆலயம் வருவது வேறு கடமை என்பது உண்மையே. அக்கடமையில் தவறுவோருக்கு இங்கிலாந்தில் 1559-ம் வருஷச் சட்டம் தவணை ஒன்றுக்குப் பன்னிரண்டு பென்ஸ் அபராதம்கூட வைத்தது. அபராதம் வைத்தும் ஆலயம் நிறைந்தபாடில்லை. ஆனால் குறைந்தபட்சத்தை நிர்ணயித்தவர்கள் மனித சுபாவத்தை அறிந்தே நிர்ணயித்தார்கள். வருஷத்துக்கு மூன்று முறை வருகிற முதுநகர்க் கிறிஸ்தவன், தான் அறியாமலே ஒரு பழைய விதியை நிறைவேற்றிக்கொண்டிருக்கிறான் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

முதுநகர்ச் சபைகளின் சரித்திரத்தையும் இங்கே நினைவுகூர்தல் தகும். தரங்கம்பாடியிலிருந்த சீகன்பால்கு ஐயரின் முயற்சியால் 1717-ல் கடலூரில் தர்மப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. 1740 முதல் இங்கே ஊழியம் செய்த கியெர்நாந்தர் ஐயருக்கு, 1749-ல் கம்பெனி அதிகாரிகள் ஒரு கோயிலைக் கொடுத்தார்கள். அது அவர்கள் கட்டியதன்று. பிரெஞ்சுக்காரருக்கு அனுகூலமானவர்கள் என்ற சந்தேகத்தின் பேரில் ரோமன் கத்தோலிக்கரிடமிருந்து எடுத்துக்கொண்டது. அன்னியத் துரைத்தனத்தார் ஒரு ஜனத்தின் ஆலயத்தைப் பிடுங்கி மற்றொரு ஜனத்துக்கு வழங்கிய இந்த நியாயத்தைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1758-ல் தேவனாம்பட்டினக் கோட்டை பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் வீழ்ந்தது. கியெர்நாந்தர் கல்கத்தா சேர்ந்தார். 1767-ல் வந்த கெரிக்கே ஐயரும் 1782-ல் அதே கதியைக் கண்டார். மறுபடியும் பிரெஞ்சுப் படை. ஆலயம் வெடிமருந்துக் கிடங்காயிற்று என்று மிஷன் சரித்திரங்கள் கூறுகின்றன. அவர் நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தார். ஆக, இவ்வூரில் சபை சிதறுவதும் மீண்டும் கூடுவதும் இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம். ஆலயக் கதவு அடைத்திருந்த காலங்களிலும் எங்கோ ஒளிந்து நின்ற ஜனங்களின் சந்ததியார்தாம் பண்டிகைக்கு வந்து கூடுகிறவர்களில் ஒரு பகுதியார்.

இதே ஜில்லாவில், அதே மார்கழி மாதத்தில், சிதம்பரத்தில் ஆருத்திரா தரிசனம் நடைபெறுகிறது. எங்கெங்கிருந்தோ ஜனசமுத்திரம் வருகிறது. அவர்களில் எத்தனை பேர் பிரதோஷந்தோறும் வருகிறவர்கள் என்று எந்தத் தீக்ஷிதரும் கேட்பதில்லை. தரிசனத்துக்கு ஆஜர்ப் பட்டியல் கிடையாது. மசூதிகளிலும் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வராதவர்கள் ரமலான் பெருநாளன்று மைதானத்தை நிரப்புகிறார்கள். அன்று இமாம் முகம் சுளிப்பதில்லை. இவற்றைக் காட்டி, "ஆயர் மட்டும் ஏன் வருந்த வேண்டும்?" என்று கேட்பது எளிது. ஆனால் அக்கேள்வி முற்றும் நியாயமானதன்று. கிறிஸ்தவ சபை என்பது கட்டடமன்று. ஒருவரையொருவர் அறிந்து தாங்கும் ஒரு குடும்பம் என்பது அவர்களுடைய கொள்கை. ஞானஸ்நானப் பதிவேடும், சந்தாக் கணக்கும், நோயாளி விசாரணையும், சாவு வீட்டு ஜெபமும் அக்கொள்கையின் அங்கங்கள். குடும்பத்தில் ஒருவன் வருஷத்துக்கு ஒருமுறை மட்டும் சாப்பிட வந்தால் தாய்க்கு வருத்தம் இராதா? இருக்கும். ஆனால் வந்த அன்று இலை போட்டபின் அவள் அதைப் பேசுவாளா என்பதே நமது கேள்வி.

வராமைக்குக் காரணம் என்ன என்பதையும் பிரசங்க பீடத்திலிருந்து அனுமானிப்பதைவிட வீதியில் இறங்கி விசாரிப்பது நன்று. முதுநகருக்குத் தெற்கே, சிதம்பரம் சாலையில் ரசாயனத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. மேற்கே நெய்வேலியில் சுரங்கமும் மின் நிலையங்களும் இருக்கின்றன. அவற்றின் சங்குக்கு ஞாயிறு என்பது தெரியாது. மூன்று ஷிப்டில் மாறி மாறி உழைக்கிறவன் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து படுத்தால், ஆலய மணி அவன் காதில் விழுவதில்லை. ஆஸ்பத்திரிகளில் நர்ஸுகளாகச் சேவை செய்யும் கிறிஸ்தவப் பெண்கள் எத்தனையோ பேர். நோய் ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுப்பதில்லை. கடைச் சிப்பந்தி, பஸ் கண்டக்டர், போலீஸ்காரர் ஆகியோரின் நிலையும் இதுவே. இவர்கள் லீவு கேட்டுப் பெற்ற ஒரு நாளில் வந்து அமரும்போது "சோம்பேறிகள்" என்ற சொல் மேலிருந்து விழுமானால், அது எவ்வளவு கொடுமை!

இன்னும் ஆழ்ந்த காரணம் ஒன்றுண்டு. அதைச் சொல்ல ஆயர்களே தயங்குகிறார்கள். தமிழ்நாட்டுச் சபைகளில் ஜாதி வேற்றுமை ஆலயத்துக்குள்ளேயே பாய் விரித்துத் தனித்தனி இடம் பிடித்திருந்தது. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்ஸன் அதை ஒழிக்க உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் மேல்ஜாதிக் கிறிஸ்தவர் பலர் ஆலயத்தை விட்டு விலகினார்கள். அன்று ஆலயம் வராமை அகம்பாவத்தின் அடையாளமாயிருந்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பின்னால் உட்கார வைக்கப்பட்டவனின் பேரன் இன்று வாசல்வரை வந்து தயங்கி நின்றால், அதற்கும் அப்பெயர் பொருந்துமா? சிதம்பரத்துக்கு அருகே நின்றுகொண்டு இதைப் பேசும்போது நந்தனாரின் நினைவு வராமல் இராது. "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று சொல்லிச் சொல்லித் திருநாளைப்போவார் என்றே பெயர் பெற்றார் அவர். அவர் நாள் கடத்தியது பக்திக் குறைவினாலா? அவரை வெளியே நிறுத்திய ஏற்பாடு எது என்று தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. பண்டிகைக்கு மட்டும் வருகிறவர்களிலும் சில திருநாளைப்போவார்கள் இருக்கக்கூடும். அவர்களைத் திட்டுமுன் அவர்களுக்கு எங்கே இடம் போட்டிருக்கிறோம் என்று சபையார் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பது உசிதம்.

சரி, அன்று என்னதான் பிரசங்கிப்பது? இதில் ஆயரின் கஷ்டம் பெரிது. வசனப் பகுதி வருஷந்தோறும் ஒன்றே. சத்திரத்தில் இடமில்லாத கதையை இருபதாம் தடவை சொல்ல வேண்டும். வழக்கமாக வருகிறவர்களுக்குப் புதுமை வேண்டும். எப்போதாவது வருகிறவனுக்குப் பழைமைதான் வேண்டும். அவன் தன் பாட்டியின் மடியில் கேட்ட கதை மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கவே வந்திருக்கிறான். பெங்களூரில் வளரும் அவன் பிள்ளைகளுக்கோ, 1871-ல் வெளிவந்த பழைய திருப்புதல் வேதாகமத்தின் நடை விளங்குவதில்லை. சிலருக்குத் தமிழ் எழுத்தே தடுமாற்றம். ஆலயத் தமிழில் கேட்ட ஒரு வாக்கியத்துக்கு அர்த்தம் கேட்டு அப்பிள்ளை தாயின் சேலையை இழுக்கும்போது, தாய்க்கும் அர்த்தம் தெரிவதில்லை. ஆகவே அந்த அரைமணி நேரத்தில் பிரசங்கியார் பாட்டிக்கும் மகனுக்கும் பேரனுக்கும் ஒரே சொல்லில் பேச வேண்டியிருக்கிறது. வேதசாஸ்திரக் கல்லூரிகள் இதை எவ்வளவு தூரம் போதிக்கின்றனவோ நாம் அறியோம். நமது நாட்டில் கதை சொல்லியும் பாடியும் கூட்டத்தைக் கட்டும் வித்தை புதிதன்று. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி பாடியதும், கிறிஸ்தவ காலட்சேபம் வழங்கியதும் இத்தேவையை உணர்ந்துதான். ராமாயணக் கதையை எத்தனை தடவை கேட்டாலும் அலுப்புத் தட்டாத ஜனங்களிடம் பிறப்பின் கதை அலுத்துவிடும் என்று ஆயர் ஏன் அஞ்ச வேண்டும்?

ஆனால் அந்த அரைமணி நேரமாவது அவருக்குக் கிடைக்கிறதா? கூட்டம் பெரிது என்றதும் கமிட்டியாருக்கு ஆசை பிறக்கிறது. கட்டட நிதி அறிக்கை அன்றே வாசிக்கப்பட வேண்டும். காணிக்கை உறை விவரம் அன்றே விளக்கப்பட வேண்டும். கீதபவனி சென்றவர்களுக்கும், பந்தல் போட்டவருக்கும், ஒலிபெருக்கி கொடுத்தவருக்கும் நன்றி கூற வேண்டும். வாலிபர் பாடல் இரண்டு, பெண்கள் பாடல் ஒன்று. எல்லாம் முடிந்து பிரசங்க பீடம் ஏறும்போது வீடுகளில் பலகாரம் ஆறிக்கொண்டிருக்கிறது என்ற நினைவு சபை முழுவதிலும் பரவிவிடுகிறது. பண்டிகைக் காணிக்கை இல்லாமல் சிறு சபைகள் வருஷத்தைக் கடத்த இயலாது என்பதை நாம் அறிவோம். எனினும், வருஷத்துக்கு ஒருமுறை வந்தவனுக்கு முதலில் காட்டப்படுவது உறையாக இருந்தால் அவன் என்ன நினைப்பான்?

டிசம்பர் 31-ந் தேதி இரவு நிலைமை இன்னும் விசித்திரமானது. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் கிராமத்து மொராவிய சபையார் 1733-ல் ஆண்டிறுதி விழிப்பு ஆராதனை நடத்தினார்கள். வெஸ்லியைப் பின்பற்றினவர்கள் அதைப் பரப்பினார்கள். இன்று தமிழ்நாட்டில் அது கிறிஸ்மஸையும் மிஞ்சிய கூட்டத்தை ஈர்க்கிறது. அயல் வீட்டு ஹிந்துக்களும் வந்து நிற்கின்றனர். நள்ளிரவுக்குப்பின் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை பெற்றுச் செல்கின்றனர். இதைச் சோதிடம் பார்ப்பதற்கு ஒப்பிட்டுப் பரிகசிப்போர் உண்டு. நாம் அவ்வாறு செய்யத் துணியோம். வரப்போகும் வருஷத்தைப் பற்றி மனிதனுக்கு உள்ள பயம் பரிகாசத்துக்குரியதன்று. முதுநகரில் நிச்சயமாக அன்று.

ஏனெனில் இவ்வூரார் அப்பயத்தின் முகத்தை நேரில் கண்டவர்கள். 2004-ம் வருஷம் கிறிஸ்மஸ் சனிக்கிழமையில் வந்தது. தேவதூதன் மேய்ப்பரைப் பார்த்து அஞ்ச வேண்டாம் என்று சொன்ன பகுதி அன்று ஆலயந்தோறும் வாசிக்கப்பட்டது. மறுநாள் ஞாயிறு, பௌர்ணமி. பண்டிகைக்கு மட்டும் வருகிறவர்கள் வீடுகளில் அயர்ந்திருந்த காலை வேளையில் கடல் எழுந்து வந்தது. கடலூர் ஜில்லாவில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் கடற்கரைக் குப்பங்களில் வாழ்ந்த மீனவ ஹிந்துக்கள். வேளாங்கண்ணியிலோ, கிறிஸ்மஸை முன்னிட்டுத் தூர தேசங்களிலிருந்து வந்திருந்த யாத்திரிகர் நூற்றுக்கணக்கானோர் கடற்கரையில் மடிந்தார்கள். அவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, அல்லது ஆயுளில் ஒருமுறை, அந்தச் சந்நிதிக்கு வந்தவர்கள். அங்கே அவர்கள் கேட்ட பிரசங்கமே அவர்கள் கேட்ட கடைசிப் பிரசங்கம். அப்பிரசங்கம் அவர்களைத் தேற்றியதா, திட்டியதா என்பது அற்ப விஷயமா? பேரிடர் கண்ட அவ்வாரத்தில் பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாஅத்தார் மீனவக் குடும்பங்களுக்குச் சோறு சமைத்துப் போட்டார்கள். வந்து சாப்பிட்டவர்களை இன்னார் இனியார் என்று அவர்கள் விசாரிக்கவில்லை.

ஏழு வருஷங்கழித்து, 2011-ல், கிறிஸ்மஸ் ஞாயிற்றுக்கிழமையிலேயே வந்தது. அவ்வாரத்து வெள்ளியன்று, டிசம்பர் 30-ந் தேதி விடியற்காலை, 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிற்று. பண்ருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஜில்லாவின் பெரும்பகுதியில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. மறுநாள் இரவு ஆண்டிறுதி ஆராதனை. அடுத்த காலை புது வருஷமும் ஞாயிறும். ஒலிபெருக்கி இல்லை, விளக்கு அலங்காரம் இல்லை. தலைமுறை தலைமுறையாக வளர்த்த தோப்பை ஒரே இரவில் இழந்தவனுக்கு ஆலயத்தில் என்ன சொல்ல முடியும்? அன்று எந்த ஆயரும் வருகைக் கணக்கைப் பேசியிருப்பார் என்று நமக்குத் தோன்றவில்லை. அத்தகைய இரவுகளில் பிரசங்கியார்களுக்குத் தாமாகவே தெரிந்துவிடுகிற காரியத்தைச் சாதாரண வருஷங்களிலும் நினைவில் வைத்திருக்கலாகாதா என்பதுதான் நமது விண்ணப்பம். புயல் வராத வருஷத்திலும் கூட்டத்தில் புயல் கண்டவர்கள் இருக்கிறார்கள். போன மாதம் மனைவியைப் புதைத்தவனும், மகளின் கல்யாணக் கடனில் முழுகினவனும், வேலை போனதை வீட்டாருக்கு இன்னும் சொல்லாதவனும் புதுச் சட்டை அணிந்து பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கண்டனத்தை அறவே விட்டுவிட வேண்டும் என்பது நமது கருத்தன்று. அதற்கு இடமும் நாளும் வேறு. ஜனவரி மாதத்தில், ஊருக்குத் திரும்பாதவர்களின் வீடுகளுக்கு ஒரு மாலைப்பொழுதில் ஆயரும் மூப்பர் ஒருவரும் நடந்து சென்று, காப்பி குடித்து, "ஏன் வரவில்லை?" என்று நேரே கேட்கலாம். பதில் கேட்பதற்கும் பொறுமை வேண்டும். அதில் சபைக்கே சில கசப்பான செய்திகள் கிடைக்கக்கூடும். ஷிப்டு வேலையாட்களுக்காக ஞாயிறு மாலையில் ஒரு குறுகிய ஆராதனை வைத்துப் பார்க்கலாம். அது கூடிவராவிட்டால், கமிட்டியார் குறைந்தபட்சம் கட்டட நிதி அறிக்கையையும் நன்றி அறிவிப்புகளையும் ஜனவரி இரண்டாம் ஞாயிற்றுக்கு ஒத்திவைக்கலாம். அன்று கூடுகிறவர்கள் நிதிக்குக் கொடுத்தவர்களும் பந்தல் போட்டவர்களுமாகவே இருப்பார்கள். கூட்டம் சிறிதானதால் ஒலிபெருக்கி வாடகையும் மிச்சம்.